குன்னூருக்கு வந்த கிறுக்கர்

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் எந்நேரமும் படம் வரைந்துகொண்டே இருக்கிறாளாம். சால்வடோர் டாலி என்ற ஓவியர் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, கூலியாக யானைக்குட்டி கேட்டு வாங்கிய கதையை அவள் எங்கோ படித்திருக்கிறாள். "அந்தக் குட்டி நம்ம முதுமலைக் குட்டியாம்மா?" என்று கேட்கிறாள். வீட்டுப் பெரியவர்களோ, "படம் வரையறவங்க எல்லாருமே கொஞ்சம் கிறுக்குதான், இவளையும் இப்பவே நிறுத்து" என்கிறார்கள். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்பது அந்தத் தாயின் கேள்வி.

குன்னூரில் முப்பது வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என் வகுப்பு வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சகோதரி.

முதலில் யானைக்குட்டி. அது முதுமலையிலிருந்து போகவில்லை, பெங்களூரிலிருந்து போனது. 1967-ஆம் ஆண்டு. தன் பயணிகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஏர் இந்தியா டாலியிடம் ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரச் சொன்னது. அவர் செய்து கொடுத்த கிண்ணத்தைத் தாங்கும் கால்கள் ஒரு பக்கமாகப் பார்த்தால் யானைத் தலை, தலைகீழாகத் திருப்பினால் அன்னம். முப்பது வருடத்துக்கு முன்பே, குளத்தில் நிற்கும் அன்னங்களின் நிழல் யானைகளாகத் தெரியும்படி ஓர் ஓவியம் வரைந்தவர் அவர். அந்த யோசனையைத்தான் பீங்கானுக்கு மாற்றிக் கொடுத்தார். கூலி என்ன என்று கேட்டதற்குப் பணம் வேண்டாம், யானைக்குட்டி வேண்டும் என்றார். விமானக் கம்பெனிக்காரர்களும் முகம் சுளிக்காமல் ஒரு குட்டியைப் பாகனோடு விமானத்தில் ஏற்றி ஜெனீவாவில் இறக்கி, அங்கிருந்து சாலை வழியாக ஸ்பெயினில் அவர் இருந்த கடலோர ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். தெப்பக்காட்டு முகாமில் பாகன்கள் ராகிக் களியையும் கொள்ளையும் உருண்டை பிடித்து யானை வாயில் வைப்பதை உங்கள் மகள் பார்த்திருப்பாள். ஒரு வேளைச் சாப்பாடு எவ்வளவு என்று அவளுக்கே தெரியும். மீன் பிடிக்கிற ஒரு சின்ன ஊரில் போய் இறங்கிய அந்தக் குட்டிக்கும், அதன் பின்னால் நடந்த பாகனுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் பரிதாபமும் சேர்ந்தே வரும். குட்டி கடைசியில் மிருகக்காட்சி சாலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

டாலி இப்படிச் செய்தது ஒரு முறை இல்லை. 1936-ல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில், ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் போடும் கனத்த உடுப்பும் உலோகத் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு சொற்பொழிவு செய்ய வந்தார். உள்ளே காற்று இல்லை. மூச்சு முட்டிக் கையைக் காலை ஆட்டினார். எதிரே இருந்தவர்கள் அதுவும் நடிப்பில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். கவசத்தைக் கழற்றி எடுக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

டாலியோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. அவர் செய்ததெல்லாம் பார்க்க ஆள் இருக்கும்போது செய்தது. மேடையை விட்டு இறங்கியதும் மீசையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர். ஆள் பார்க்காதபோதும் விசித்திரமாக இருந்த ஓர் ஓவியரைத்தான் உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டும். அதிலும் அவர் நம் மலைக்கே வந்தவர். குன்னூரிலும் ஊட்டியிலும் உட்கார்ந்து படம் வரைந்தவர். பெயர் எட்வர்ட் லியர்.

ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆந்தையும் பூனையும் பட்டாணிப் பச்சை நிறப் படகில் ஏறிக் கடல் கடந்து போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் பாட்டை எழுதியவர் அவர்தான். ஐந்து வரியில் வேடிக்கை சொல்லும் லிமெரிக் பாட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவரும் அவரே. ஆனால் கேட்டால் "நான் நிலக்காட்சி ஓவியன்" என்றுதான் சொல்வார். பாட்டெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. வயிற்றுப்பாடு தூரிகையில்தான்.

1812-ல் லண்டனில் பிறந்தார். வீட்டில் இருபத்தொரு பிள்ளைகள், இவர் இருபதாவது என்று சொல்வார்கள். அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அப்பாவின் வியாபாரமும் நொடித்துப்போன வீட்டில் அம்மாவுக்கு இவரைக் கவனிக்க முடியவில்லை. தன்னைவிட இருபத்தொரு வயது மூத்த அக்கா ஆன் கையில் வளர்ந்தார். ஐந்தாறு வயதிலேயே வலிப்பு நோய் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அது வெளியே சொல்லக் கூடாத வியாதி. வரப்போவதை உடம்பு முன்கூட்டியே உணர்த்திவிடும் என்பதால், சட்டென்று எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நெருங்கிய நண்பர்களுக்குக்கூடத் தெரியாமல் கடைசிவரை மறைத்துவிட்டார். தன் நாட்குறிப்பில் மட்டும், வலிப்பு வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் "பிசாசு".

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் இனி வருவதையெல்லாம் கேட்டுச் சிரிக்கும்போது இதுவும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும். பேச்சுக்கு நடுவே எழுந்து ஓடுகிறவரை நான்கு பேர் "கிறுக்கு" என்றுதான் சொல்வார்கள்.

நம் மொழியைப் பாருங்கள். தாளில் கோடு இழுத்தாலும் கிறுக்கல், புத்தி கொஞ்சம் விலகினாலும் கிறுக்கு. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் வைத்திருக்கிறோம். லியருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தச் சொல்லைக் கேட்டுத் துள்ளியிருப்பார். சொல்லை உடைத்து விளையாடுவதுதான் அவருக்கு உயிர்.

பதினெட்டு வயதில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் கிளிகளை வரைய உட்கார்ந்தார். அப்போது பறவை வரைகிறவர்கள் பெரும்பாலும் பஞ்சு அடைத்த செத்த பறவையை வைத்துத்தான் வரைவார்கள். இவர் உயிருள்ள கிளிதான் வேண்டும் என்று கூண்டுக்கே போனார். காவலாளி கிளியைப் பிடித்துக்கொள்ள, இறக்கையை அளந்து அளந்து வரைந்தார். கிளி அசையாமல் இருக்குமா? அதுவும் இந்தப் பையன் என்ன செய்கிறான் என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே? கடுப்பாகிக் கூட்டத்தைத் திட்டியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அதே தாளின் ஓரத்தில், வாயைப் பிளந்து நின்ற மனிதர்களின் முகங்களையும் வரைந்து வைத்தார். அந்தத் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. கிளி மிடுக்காக இருக்கும், மனிதர்கள்தான் வேடிக்கைப் பிராணிகளாகத் தெரிவார்கள். 42 படங்களோடு வந்த அந்தக் கிளி நூல் அவரைப் புகழுக்குக் கொண்டுபோனது. நீல நிறத்தில் இருக்கும் ஒரு பிரேசில் நாட்டுப் பெரிய கிளிக்கு அறிவியல் பெயரில் இன்றைக்கும் லியரின் பெயர்தான்.

நுணுக்கமான வேலையில் கண் கெட ஆரம்பித்ததும் பறவைகளை விட்டுவிட்டு மலை, கடல், கோயில் என்று வரையத் தொடங்கினார். 1846-ல் விக்டோரியா மகாராணிக்கே பன்னிரண்டு முறை ஓவியப் பாடம் எடுத்தார். அங்கே நடந்த இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். குளிர் தாங்காமல் அவர் எப்போதும் கணப்புக்கு முதுகைக் காட்டி நிற்பார். மகாராணி முன்னால் அப்படி நிற்பது மரியாதை இல்லை. அரண்மனைக்காரர்கள் நேரடியாகச் சொல்லாமல் "இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்" என்று அவரை அங்கிருந்து நகர்த்துவார்கள். பார்த்துவிட்டு மறுபடி கணப்பு முன்னாலேயே போய் நிற்பார். ஏன் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியவே இல்லை. நம் ஊரில் ஜனவரி மாதம் அடுப்படிக்கு முதுகு காட்டி நிற்காதவர் யார்? இந்த ஒரு விஷயத்தில் நீலகிரிக்காரர் எவரும் அவரைக் கிறுக்கு என்று சொல்ல முடியாது.

இன்னொரு நாள் மகாராணி தன்னிடமிருந்த விலையுயர்ந்த பொருள்களைக் காட்டினார். லியர் மெய்மறந்து, "அடேயப்பா, இவ்வளவு அழகான பொருளெல்லாம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் புதுப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி. மகாராணி அமைதியாக, "பரம்பரையாக வந்தது, மிஸ்டர் லியர்" என்றார்.

மகாராணிக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர், அதற்கு நான்கு வருடம் கழித்து, முப்பத்தெட்டை நெருங்கும் வயதில், ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தார். மீசை முளைக்காத பையன்களோடு ஒரே பெஞ்சு. தனக்கு மனித உருவம் சரியாக வரைய வரவில்லை என்று அவருக்குத் தோன்றியது, அதனால் கற்றுக்கொள்ளப் போனார். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் பயணங்கள். 1848-ல் அல்பேனியாவின் எல்பாசான் என்ற ஊரில் தெருவோரமாக உட்கார்ந்து வரைந்தார். கோட்டையும் வீடும் தாளில் அப்படியே வருவதைப் பார்த்த ஜனங்கள் "ஷைத்தான்!" என்று கத்தினார்கள். பிறகு வாயில் விரலை வைத்து ஊரே விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு பேர் தன்னைப் பார்த்து விசில் அடிப்பதைக் கண்டு அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு இடத்தில், ஓடைக்கரையில் முளைத்திருந்த கீரையைப் பறித்து ரொட்டியோடு சாப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் அப்படி ஒரு கீரையை மனிதர் தின்று பார்த்ததில்லை. இந்த ஆள் எதையும் தின்பான்போல என்று நினைத்து, ஒருவர் முட்செடி கொண்டுவந்து நீட்ட, இன்னொருவர் புல், மற்றொருவர் குச்சி, கடைசியில் ஒருவர் வெட்டுக்கிளி! எல்லாரும் சேர்ந்து சிரித்துத் தீர்த்தார்கள். நாய் என்றால் அவருக்கு உயிர் போகும் பயம். ஆட்டு மந்தை நாய்கள் நிறைந்த அந்த மலைகளில் இந்தப் பயத்தோடுதான் அவ்வளவு தூரமும் நடந்தார்.

இந்தியாவுக்கு அவரை அழைத்தவர் அப்போது வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபு, பழைய நண்பர். 1872-ல் கிளம்பி சூயஸ் வரை வந்து திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருடம் மறுபடி கிளம்பி நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தார். வயது அறுபத்தொன்று. பருத்த உடம்பு, குண்டுக் கண்ணாடி, பெரிய மூக்கு, புதர் மாதிரி தாடி. கூடவே கோர்ஃபு தீவைச் சேர்ந்த ஜார்ஜியோ கொகாலி. 1856 முதல் அவருக்குச் சமையல், துணி, மூட்டை, காவல் எல்லாம் ஜார்ஜியோதான். லியர் அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

கல்கத்தா அரசாங்க மாளிகையின் விருந்தும் வரவேற்பும் அவருக்குத் தலைவலி. ஹைதராபாத், ஃபைசாபாத் என்பதுபோல அந்த ஊருக்கு "ஹசில்ஃபசாபாத்" என்று பெயர் வைத்துவிட்டார். அடிச்சுப்பிடிச்சு ஓடுவதும் அநாவசியமாகப் பதறுவதும் சேர்ந்த ஊர் என்று பொருள். சீக்கிரமே அங்கிருந்து தப்பி டார்ஜிலிங் போய்க் கஞ்சன்ஜங்காவை வரைந்தார்.

இந்தியச் சொற்களைக் கேட்டதும் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1874-ல் ஒரு பாட்டு எழுதினார். வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கும் இந்தியச் சொற்களையெல்லாம் பொருள் தெரியாதவர் மாதிரி வேண்டுமென்றே இடம் மாற்றிப் போட்டார். ஒரு சீமாட்டி மாலை நட்சத்திரத்தைப் பார்க்கத் தன் "தோபி"மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டைச் சுற்றிச் சமையற்காரர்கள் உயரமான மரங்களாக வளர்ந்திருக்கிறார்கள். பந்தி பரிமாறுகிறவர்கள் கொடிகளாகத் தொங்குகிறார்கள். கீழே ஓடும் ஆற்றில் தங்கத் துடுப்போடு சப்ராசிகள் கூட்டம் கூட்டமாக நீந்துகிறார்கள். சப்ராசி என்றால் நம் ஊர்க் கணக்கில் டவாலி. கலெக்டர் ஆபீஸ் டவாலி இடுப்புப் பட்டையோடு ஊட்டி ஏரியில் மீனாக நீந்துவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்! இடுப்பில் கட்டும் கம்மர்பண்ட் அந்தப் பாட்டில் ஒரு கொடிய மிருகம், கடைசியில் சீமாட்டியை முழுசாக விழுங்கிவிடுகிறது. உங்கள் மகளிடம் வீட்டுச் சொல் பத்தை எடுத்து இப்படி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வகுப்பில் செய்ய வைத்திருக்கிறேன். ஒரு பையன் "முறுக்குகள் ஊளையிடும் நள்ளிரவில்" என்று எழுதிவிட்டுத் தானே பயந்தான்.

மெட்ராஸ், மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருச்சி என்று நம் கோபுரங்களையும் பாறைகளையும் வரைந்துகொண்டே வந்து, 1874-ன் பிற்பகுதியில் நீலகிரி ஏறினார். மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் நம் மலை ரயில் குன்னூருக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. 1899-ல்தானே வந்தது. குன்னூர் சிம்ஸ் பூங்கா தொடங்கியதும் அதே 1874-ல்தான். இன்னொன்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது தெரியும். 2018-ல் கோத்தகிரிப் பக்கம் பூத்ததை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அங்கிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் எண்ணிக்கொண்டே போங்கள். 2006, 1994, 1982 என்று போய் 1874-ல் நிற்கும். குறிஞ்சி பூத்த ஆண்டுகளின் பட்டியலில் 1874-ம் இருக்கிறது. கற்பனைச் செடிகளை வரைந்து அதற்கு லத்தீன் மாதிரியே பெயர் சூட்டி விளையாடிய மனிதர் அவர். தண்டிலிருந்து குட்டி மனிதர்கள் தலைகீழாகத் தொங்கும் ஒரு செடிக்கு "மெனிபீப்ளியா அப்சைட்டவுனியா" என்று பெயர். "நிறைய பேர், தலைகீழாக" என்பதைத்தான் லத்தீன் உடுப்பு மாட்டி நிற்க வைத்தார். அப்படிப்பட்டவர், பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்து பூக்கும் செடியின் ஊருக்கு, அது பூக்கும் வருடத்திலேயே வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

அவர் எப்படி வரைவார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர்களுக்குக் கிறுக்காகத் தெரிந்த பெரிய விஷயம் அதுதான். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் மட்டும் வேகமாக வரைவார். வண்ணத்தைத் தொட மாட்டார். அதற்குப் பதிலாகத் தாள் முழுக்க எழுதுவார். இங்கே சாம்பல், அங்கே கருநீலம், இந்த மரம் இன்ன மரம், இது நிழல் என்று. கூடவே தேதி, மணி, வரிசை எண். பாறை என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துப் போட்டு எழுதாமல் "ராக்ஸ்" என்ற ஒலிக்கு ஆர், ஓ, எக்ஸ் மூன்றே எழுத்து. நடுநடுவே ஜோக்கும் உண்டு. மாலையில் தங்குமிடத்துக்குப் போய்ப் பென்சில் கோட்டின் மேல் மையால் இழுத்து, எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து நீர்வண்ணம் பூசுவார். ஆனால் குறிப்பை அழிக்க மாட்டார். அதனால் அவர் படங்களில் மலை மேலேயும் மேகத்துக்குள்ளேயும் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்.

குன்னூரில் நீர்வண்ணம் பூசிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று புரியும். அக்டோபரில் ஊருக்கு வெளியே ட்ரூக் மலைக்கோட்டைப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போய் வரைய வைப்பேன். தாளை விரித்ததுமே ஈரம் ஏறிவிடும். ஒரு பூச்சு காய்வதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வந்து எதிரே இருந்த மலையையே எடுத்துக்கொண்டு போய்விடும். காயாத நீலத்தின் மேல் பச்சையைப் பூசினால் இரண்டும் கலந்து சேறு. முதல் சில வருடம் நானும் பிள்ளைகளும் சேறு சேறாகத்தான் கொண்டு வந்தோம். லியரின் வழியைப் படித்த பிறகு வண்ணப் பெட்டியைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போனோம். பென்சிலால் வரை, வண்ணத்தை எழுத்தில் எழுது, பனி மூடினால் உட்கார்ந்து வர்க்கி சாப்பிடு, விலகினால் மறுபடி எழுது. மாலையில் வகுப்பறையில் அடுப்பருகே வண்ணம். அதன் பிறகுதான் எங்கள் படங்களில் மலை மலையாக வந்தது. வலிப்பு எப்போது வரும் என்று தெரியாத, கண் மங்கிய ஒருவர், கிடைத்த அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. அப்படித்தான் இந்தியாவில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கி ஆயிரத்துக்கும் அதிகமான படங்களை வரைந்து முடித்தார்.

நீலகிரியிலிருந்து இறங்கி மலபார், பிறகு இலங்கை. அங்கே ஜார்ஜியோவுக்குக் கடுமையான சீதபேதி. 1875 ஜனவரியில் இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

இனி பூனை. இத்தாலியில் சான் ரெமோ என்ற கடலோர ஊரில் லியர் ஒரு வீடு கட்டிக் குடியிருந்தார். அங்கே அவரோடு ஃபாஸ் என்ற கோடு போட்ட ஆண் பூனை. அதற்கு அரை வால்தான். வாலை வெட்டிவிட்டால் பழைய வீட்டுக்கு ஓடாது என்று நம்பிய ஒரு வேலைக்காரர் செய்த கொடுமை அது. நம் ஊரில் பூனையைக் கோணிக்குள் போட்டு வழி தெரியாமல் கொண்டுபோவார்களே, அந்த மாதிரி ஒரு நம்பிக்கை, ஆனால் கத்தியோடு. அழகான பூனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லியருக்கு அதுதான் ராஜா. அரச வம்சத்துச் சின்னங்களில் சிங்கத்தை வரைவார்களே, அதே நிலைகளில் ஃபாஸைப் படுக்க வைத்து, நடக்க வைத்து, நிமிர வைத்து ஒரு வரிசைப் படமே போட்டிருக்கிறார்.

சில வருடத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டல் எழுந்தது. கடல் மறைந்தது. ஓவியர் அறைக்கு வேண்டிய வெளிச்சமும் கெட்டது. குன்னூரில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த பள்ளத்தாக்கை ஒரு விடுதிக் கட்டடம் மறைத்துவிட்டதால், இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. லியர் அந்த வீட்டை விட்டுவிட்டு, முன்னால் யாரும் மறைக்க முடியாத இடமாகப் பார்த்து 1881-ல் புது வீடு கட்டினார். எப்படி? பழைய வீட்டின் வரைபடத்தை அப்படியே வைத்து. அதே அறை, அதே படி, அதே ஜன்னல். ஃபாஸ் குழம்பிப் போய்விடக் கூடாதாம். எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. எனக்கும் சிரிப்பு வரும். கூடவே, பார்வை குறைந்து வரும் எழுபது வயது மனிதருக்கும் பழகிய படியும் பழகிய கதவும் அதே இடத்தில் இருப்பது நல்லதுதானே என்றும் தோன்றும். பூனைக்காக என்று சொல்லிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

1883-ல் ஜார்ஜியோ இறந்தார். 1887-ல் ஃபாஸும் போனது. தோட்டத்திலேயே புதைத்துக் கல் நட்டார். அதில் பூனைக்கு வயது 31 என்று பொறித்தார். உண்மையில் அதில் பாதிதான் இருக்கும். இரண்டே மாதம் இடைவெளியில், 1888 ஜனவரி 29 அன்று லியரும் கண்ணை மூடினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்கலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்துக் கடைசிவரை கேட்கவில்லை.

ஒரு ரயில் சம்பவத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு பெட்டியில் குழந்தைகளோடு வந்தவர்கள் அவருடைய வேடிக்கைப் புத்தகத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பெரியவர் ஒருவர், எல்லாம் தெரிந்தவராக, "எட்வர்ட் லியர் என்று ஆளே கிடையாது. இதை எழுதியவர் டெர்பி பிரபு. அவர் பெயரும் எட்வர்ட். லியர் என்ற எழுத்துகளை மாற்றிப் போட்டால் பிரபு என்று பொருள்படும் 'ஏர்ல்' என்ற சொல் வரும், பாருங்கள்" என்று விளக்கினார். மூலையில் உட்கார்ந்திருந்த லியர் "நான்தான் அந்த லியர்" என்றார். யாரும் நம்பவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே தைத்திருந்த பெயரைக் காட்டினார். கைக்குட்டையைக் காட்டினார். பெரியவர் வாயடைத்துப் போனார். அந்தக் காட்சியைப் பிறகு லியரே வரைந்து வைத்தார், தாடியும் கண்ணாடியுமாகத் தான் தொப்பியைத் தூக்கிக் காட்டி நிற்க. இத்தனைக்கும், ஒழுங்காக ஒரு பெயரில் கையெழுத்துப் போடாமல் "அபெபிகா க்ராடொபொனோகோ பிரிஸிகாலோ கட்டஃபெல்லோ" என்று தொடங்கி மூச்சு வாங்கும் நீளத்துக்குப் போய்க் கடைசியில் "என்ற எட்வர்ட் லியர்" என்று முடித்தவரும் அவர்தான்.

சரி, வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். டாலியைக் காட்டி அவர்கள் சொல்வதை மறுக்க வேண்டாம், லியரைப் பற்றிச் சொல்லுங்கள். வலிப்போடும் மங்கிய கண்ணோடும் அறுபத்திரண்டு வயதில் நம் மலை ஏறி வந்து வரைந்தவர் என்று சொல்லுங்கள். கணப்பு முன்னால் நின்ற கதையைச் சொன்னால் பாட்டி கட்டாயம் சிரிப்பார்.

மகளுக்கு விலையுயர்ந்த வண்ணப் பெட்டி எதுவும் இப்போது வாங்க வேண்டாம். ஒரு ஹெச்பி பென்சில், ஒரு அட்டை, கொஞ்சம் கெட்டித் தாள் போதும். கோடநாடு காட்சிமுனைக்குக் காலை ஏழு மணிக்குள் அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் தெங்குமரஹடா பக்கம் பள்ளத்தாக்கு தெளிவாக இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். கோடு மட்டும் போடட்டும். எந்த இடம் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே தமிழில் எழுதட்டும், கிளிப்பச்சை, மயில்கழுத்து, சாம்பல் என்று அவளுக்குத் தெரிந்த பெயரில். கீழே தேதியும் மணியும். வண்ணம் மாலையில் வீட்டில் பூசிக்கொள்ளலாம். எழுத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் மறக்காதீர்கள், அந்த முனையில் காற்று அதிகம்.